அவசரக்காரர் ஆகாரம்

சரித்திரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுகிறார்கள். கூடம் வரையில் வருகிறவர்கள் சிலர் உண்டு. சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் அபூர்வம். புதுச்சேரியைப் பற்றி எழுதியவர்களும் இதற்கு விலக்கில்லை. பிரான்சுவா மர்த்தேன் வந்தார், துய்ப்ளே ஆண்டார், லாலி தோற்றார் என்று பக்கம் பக்கமாகப் படிக்கலாம். அந்தந்தக் காலத்தில் ஊர் ஜனங்கள் காலையில் எதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள் என்று கேட்டால் மட்டும் புத்தகங்கள் மௌனம் சாதிக்கின்றன.

இதற்கு நான் கண்டுபிடித்த பரிகாரம் பெரிய மார்க்கெட்டுக்குப் போவது. நேரு வீதிக்கும் அரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கிறது அது. நேரு வீதி ஒரு காலத்தில் துய்ப்ளே வீதி. இன்னொரு பக்கத்து வீதி, துய்ப்ளேயின் காலத்தை நாள் தவறாமல் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்கியது. அவருடைய வீடும் அங்கேதான். ஆக, எஜமானுக்கும் துபாஷிக்கும் இடையே மீன்காரிகளும் கீரைக்காரிகளும் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார்கள். புதுச்சேரியின் முதல் முதலமைச்சராக இருந்த எதுவார் குபேரின் பெயரைத்தான் அரசாங்கம் அந்த இடத்துக்கு வைத்திருக்கிறது. ஆனால் ஊர் வாயில் அது பெரிய மார்க்கெட்டாகவே இருக்கிறது.

அங்கே உருளைக்கிழங்கு விற்கும் மூதாட்டி ஒருத்தி ஒருநாள் விடியற்காலையில் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே மஞ்சள் நிறத்தில் உருளைக்கிழங்குத் துண்டுகள்; அவற்றைப் பூப்போலச் சுற்றிக்கொண்டு முட்டை. மிளகு வாசனை தூக்கிற்று.

"என்ன ஆயா, விடியற்காலையிலேயே கிழங்கும் முட்டையுமா?" என்று கேட்டேன்.

"வேற என்னா செய்யச் சொல்ற தம்பி? நாலு மணிக்கு மூட்டை வந்து எறங்கிடுது. இட்லி ஊத்திக்கினு நிக்க நேரம் ஏது? ராத்திரியே கெழங்க வேக வச்சிட்டா, காத்தால ஒரு தாளிப்பு, ரெண்டு முட்டைய ஒடச்சி ஊத்துனா ஆச்சு. ஒரு கிலோ கெழங்கு, ரெண்டு முட்டை. மருமவ ஆபீசுக்குப் போவணும், புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவணும். எல்லாருக்கும் ஆவும்."

சொல்லிவிட்டு அவள் தராசை எடுத்துக்கொண்டாள். அவளைப் பொறுத்த வரையில் விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. அந்தத் தூக்குப் பாத்திரத்தில் இருந்த இரண்டு பொருள்களும் அங்கே வந்து சேர்ந்தது சாமானியமான பிரயாணம் இல்லை. பசியும் அவசரமும்தான் வழி நெடுக அவற்றைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கின்றன.

முதலில் பசியைப் பார்ப்போம். 1760-ம் வருஷக் கடைசியில் புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். வெளியே ஐயர் கூட், உள்ளே லாலி. கோட்டைக்குள் தானியம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. இருப்பது சிப்பாய்களுக்குக்கூடப் போதாது என்று கண்ட லாலி, ஊரில் மிச்சமிருந்த நம் ஜனங்களை, ஆண் பெண் குழந்தை என்று பாராமல், ஏறக்குறைய 1,400 பேரை வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் அவர்களைத் தங்கள் காவல் வரிசையைத் தாண்டவிடவில்லை. பின்னே போனால் பிரெஞ்சுத் துப்பாக்கி. முன்னே போனால் ஆங்கிலத் துப்பாக்கி. எட்டு நாட்கள் அந்த வெட்டவெளியிலேயே கிடந்தார்கள். கையில் கொண்டுவந்தது தீர்ந்ததும் புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றார்கள் என்று ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலச் சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் கூட் மனமிரங்கி வழிவிட்டார். 1761 ஜனவரி 12-ந் தேதி ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். நாலு நாள் கழித்து ஊர் விழுந்தது. பிறகு ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

பொழுது விடிந்தால் கூடை கூடையாகக் காய்கறி வந்து இறங்கும் இந்த ஊரில், மனிதர்கள் புல்லின் வேரைத் தின்ற நாட்கள் இருந்திருக்கின்றன. கவர்னர் மாளிகைகளைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

இனி ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். வந்தவாசியிலும் புதுச்சேரியிலும் நடந்தது ஏதோ தனிச் சண்டை அன்று. 1756 முதல் 1763 வரை பாதி உலகத்தைப் பிடித்து ஆட்டிய ஏழாண்டு யுத்தத்தின் ஒரு கிளைதான் அது. அதே யுத்தத்தின் இன்னொரு கிளை ஜெர்மனியில் நடந்தது. அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் மருந்து கலக்குகிற வேலையில் இருந்த அந்துவான் பார்மாந்தியே என்ற இளைஞர் பிரஷ்யர்கள் கையில் சிக்கிக்கொண்டார். சிறையில் அவருக்குப் போட்ட சாப்பாடு உருளைக்கிழங்கு.

பிரெஞ்சுக்காரருக்கு இதைவிட அவமானம் வேண்டாம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்து, ஸ்பானியர் கப்பலில் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த கிழங்கு அது. பிரான்சில் அதைப் பன்றிக்குப் போடுவார்கள். மனிதன் தின்றால் குஷ்டம் வரும் என்று நம்பியவர்களும் உண்டு. பிரஷ்ய மன்னர் பிரெடரிக் மட்டும் யுத்தம் தொடங்கிய 1756-லேயே குடியானவர்கள் அதைப் பயிரிட வேண்டுமென்று உத்தரவு போட்டிருந்தார். பார்மாந்தியே சிறையில் அதைத் தின்றார், நோய் வரவில்லை, உடம்பு தேறித்தான் இருந்தது. மருந்துக்காரர் அல்லவா? மனத்தில் குறித்துக்கொண்டார்.

புதுச்சேரி மைதானத்தில் புல்வேர் தின்றவர்களும் பிரஷ்யச் சிறையில் கிழங்கு தின்றவரும் ஒரே யுத்தத்தின் குழந்தைகள். இந்தப் பசியிலிருந்து ஒன்றும் விளையவில்லை. அந்தப் பசியிலிருந்து ஒரு தேசத்தின் ஆகாரம் விளைந்தது.

ஊர் திரும்பிய பார்மாந்தியே விடவில்லை. பஞ்ச காலத்தில் கோதுமைக்குப் பதிலாக எதைத் தின்னலாம் என்று பெசான்சோன் நகரத்து அறிஞர் சபை வைத்த போட்டியில் உருளைக்கிழங்கைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கினார். 1772-ல் பாரிஸ் வைத்தியக் கல்லூரியும் கிழங்கினால் தீங்கில்லை என்று சொல்லிவிட்டது. அப்படியும் ஜனங்கள் தொடவில்லை. பாரிசுக்குப் பக்கத்தில் சாப்லோன் என்ற இடத்தில் மன்னர் பதினாறாம் லூயியின் தயவால் கிடைத்த நிலத்தில் அவர் கிழங்கு போட்டதும், பகலில் அதற்குச் சிப்பாய்க் காவல் வைத்து இரவில் காவலை எடுத்துவிட்டதும், 'இத்தனை காவல் என்றால் பெரிய சரக்காக இருக்க வேண்டும்' என்று அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் ராத்திரியில் வந்து திருடிக்கொண்டு போனதும் எல்லோரும் ரசித்துச் சொல்லும் கதை. மனித சுபாவம் தெரிந்தவர்! பாரிசில் அவருடைய சமாதியின் மேல் இன்றைக்கும் பூவுக்குப் பதில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பிரெஞ்சுச் சமையலில் ஒரு பண்டத்தின் பெயரோடு 'பார்மாந்தியே' என்று வந்தால் அதில் உருளைக்கிழங்கு இருக்கிறது என்று அர்த்தம். உருளைக்கிழங்குத் துண்டு போட்ட ஆம்லெட்டுக்கும் அவர் பெயர்தான். நம் மூதாட்டியின் தூக்குப் பாத்திரத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி முறை.

பிரான்சின் கதை இப்படி. கிழங்கு நம் பக்கம் வந்த வழி வேறு. மேற்குக் கரையில் போர்த்துக்கீசியர்கள் அதைக் கொண்டுவந்தார்கள் என்பது பொது அபிப்பிராயம். மராத்திக்காரர்கள் இன்னமும் 'பட்டாட்டா' என்றுதான் சொல்லுகிறார்கள். இலங்கையில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன வார்த்தை சிங்களத்தில் 'அர்த்தாபல்' ஆகியிருக்கிறது. மூலச் சொல்லுக்கு 'மண்ணின் ஆப்பிள்' என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களும் அதையே 'பொம் தெ தேர்' என்கிறார்கள். ஆப்பிளைக் கண்ணால் காணாத தமிழன் உருவத்தை மட்டும் பார்த்தான், உருண்டையாக இருந்தது, உருளைக்கிழங்கு என்றான். இதைவிட நேர்மையான பெயர் எந்த பாஷையிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் அதற்குச் சொந்த வீடு அமைத்துக் கொடுத்தவர் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819-ல் நீலகிரிக்கு ஏறிய அவர், அங்கே இருந்த குளிரைக் கண்டு சீமைக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். உருளைக்கிழங்கு மலையைப் பிடித்துக்கொண்டது. 1873-ல் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குத் தண்டவாளம் போட்டார்கள். மலையில் விளைந்த கிழங்கு கடற்கரைக்கு வந்துசேர வழி பிறந்துவிட்டது. இன்றைக்கும் மேட்டுப்பாளையம் மண்டியில்தான் நீலகிரிக் கிழங்குக்கு விலை வைக்கிறார்கள். இப்போது ஆக்ராவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் மூட்டைகள் வருகின்றன என்றாலும், 'ஊட்டிக் கிழங்கு' என்று சொல்லும்போது வியாபாரியின் குரலில் தனி மிடுக்கு வந்துவிடுகிறது.

வந்தது என்றால் உடனே வரவேற்பு கிடைத்துவிட்டதா? பிரெஞ்சுக்காரன் குஷ்டத்துக்குப் பயந்தான். நாம் ஆசாரத்துக்குப் பயந்தோம். திவசச் சமையலில் இன்றைக்கும் பல வீடுகளில் உருளைக்கிழங்கு கிடையாது. அது 'இங்கிலீஷ் காய்கறி', பிதிர்களுக்கு ஆகாது. முட்டையின் கதை இன்னும் சுவாரஸ்யம். எத்தனையோ வீடுகளில் அது டாக்டர் சீட்டோடுதான் வாசற்படி ஏறியது. இளைத்துப் போன பிள்ளைக்கு மருந்தாக, கொல்லைப்புறமாக வந்து, தனிப் பாத்திரத்தில் வெந்தது. பிறகு மருந்து பலகாரமாயிற்று, கொல்லை மறந்துபோயிற்று. பசிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆசாரம் பேச எத்தனை தாய்மாருக்கு மனம் வரும்?

புதுச்சேரியில் இந்த இரண்டையும் சகஜமாக்கியவர்களில் முக்கியமானவர்கள் சைகோனுக்குப் போய்வந்தவர்கள் என்பது என் எண்ணம். பிரெஞ்சு இந்தோசீனாவில் உத்தியோகம் பார்க்கப் புதுச்சேரி, காரைக்கால்வாசிகள் ஏராளமாகக் கப்பலேறினார்கள். சிப்பாயாக, குமாஸ்தாவாக, வரி வசூலிப்பவராக, காவல்காரராகப் போனார்கள். பால் வியாபாரம் செய்தவர்களும் உண்டு. பட்டாளத்துக்காரரைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். அவர்கள் அங்கே ஒன்றைக் கொடுத்தார்கள், ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். கொடுத்தது கறி. வியட்நாமியர் 'கா ரி' என்ற பெயரிலேயே அதைச் சமைக்கிறார்கள். கோழியோடு கிழங்கும் போட்டு, நீள ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். வாங்கிக்கொண்டது அவசர யுகத்துக் காலைச் சாப்பாடு. சைகோன் தெருக்களில் ரொட்டியோடு கொடுக்கிற, கலக்காமல் வாட்டிய முட்டைக்கு 'ஓப் லா' என்று பெயர். முட்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்றொடர்தான் வியட்நாமிய நாக்கில் அப்படி ஆயிற்று. 1954-க்குப் பிறகும், 1975-க்குப் பிறகும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியவர்கள் இந்தப் பழக்கத்தையும் மூட்டைக்குள் வைத்தே கொண்டுவந்திருப்பார்கள்.

சைகோனுக்குப் போகாதவர்களின் அவசரம் வேறு மாதிரி. அது ஆலைச் சங்கின் அவசரம். சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள் ஊரை ஆண்டுகொண்டிருந்தன. சங்கு ஊதுமுன் உள்ளே இருக்க வேண்டும். பொழுது புலர்வதற்கு முன் அடுப்பு மூட்ட நேரமில்லாத வீடுகளில் பழையதும் கூழும்தான் காலை ஆகாரம். 1936 ஜூலை 30-ந் தேதி சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் பிரெஞ்சுத் துருப்புகள் சுட்டதில் 12 தொழிலாளர் மாண்டார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தை அடுத்துத்தான் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இதைச் சம்பளத் தகராறு, அரசியல் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். நான் அதை வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறேன். எட்டு மணி நேரம் வேலை என்றால் குழந்தையோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட அரை மணி கிடைக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேர் வாங்கிக் கொடுத்தது அந்த அரை மணியை.

ஆலைகள் இப்போது ஓய்ந்துவிட்டன. சங்கும் ஊதுவதில்லை. ஆனால் அவசரம் போயிற்றா? புருஷனுக்கு எட்டு மணி பஸ், மனைவிக்கு எட்டரை மணி ஸ்கூட்டர், பிள்ளைக்கு ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூட வண்டி. அந்த அரை மணியை மறுபடியும் தொலைத்துவிட்டு, பிஸ்கட்டைக் கையில் திணித்துப் பிள்ளையை அனுப்புகிறோம். ஆகையால் மூதாட்டியின் பக்குவத்தைச் சற்று விவரமாகச் சொல்லுவது தோஷமில்லை.

நாலு பேருக்கு ஒரு கிலோ கிழங்கு. பச்சை பாய்ந்ததும் முளை விட்டதும் கூடாது; அவற்றில் உடம்புக்கு ஆகாத சத்து ஊறியிருக்கும். முந்தின இரவே தோலோடு உப்புப் போட்டு வேகவைத்து, ஆறினதும் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். பச்சைக் கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மாவு சர்க்கரையாகி வறுக்கும்போது கறுத்துவிடும். வெந்த கிழங்கோ ஆறி இறுகிக் காலையில் குழையாமல் நிற்கும். விடிந்ததும் தோலுரித்துத் துண்டு போட்டு, அகன்ற வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு சிட்டிகை மஞ்சள். பிறகு கிழங்கு. இங்கேதான் பொறுமை வேண்டும். ஓயாமல் கிளறினால் மசியலாகிவிடும். ஒரு பக்கம் பொன்னிறமாகும் வரை சும்மா விட்டுவிட்டுத் திருப்ப வேண்டும். நடுவே குழி செய்து முட்டைகளை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவி மூடி வைத்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் வெள்ளை இறுகிவிடும். மஞ்சளும் இறுகட்டும் என்பவர்கள் இன்னும் இரண்டு நிமிஷம் காத்திருக்கலாம். சிறு குழந்தைகளுக்கு அதுவே நல்லது. கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப்போட்டுக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தால் ஸ்பூனோ விரலோ எதனாலும் சாப்பிடலாம். காலை வேலை மொத்தம் கால் மணி.

எத்தனை முட்டை? வசதியுள்ளவர்கள் ஆளுக்கொன்று என்பார்கள். மூதாட்டி கிலோவுக்கு இரண்டு என்றாள். அவளுடைய கணக்கு சிக்கனக் கணக்கு என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு ஒரு செய்தி தெரிந்தது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் கொஃப்ரானி என்ற ஆராய்ச்சியாளர் 1960-களில் எந்தெந்த உணவின் புரதத்தை எதனோடு கலந்தால் மனித உடம்பு அதை வீணாக்காமல் எடுத்துக்கொள்கிறது என்று சோதித்துப் பார்த்தார். முட்டை தனியாகவே உசத்தி. ஆனால் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கலவை, தனி முட்டையையும் மிஞ்சிவிட்டது. அவர் கண்ட சிறந்த விகிதத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் முட்டைப் புரதம், மீதி கிழங்குப் புரதம். அடுப்படிக் கணக்கில் மாற்றினால், ஒரு முட்டைக்கு ஏறக்குறைய அரை கிலோ கிழங்கு. அதாவது கிலோவுக்கு இரண்டு!

இந்தச் செய்தியை நான் மூதாட்டியிடம் சொல்லவில்லை. சொன்னால், "அதுக்கு ஜெருமனிக்காரன் வேற வரணுமா?" என்று கேட்டிருப்பாள். ஏழை வீட்டில் இல்லாமையினால் ஏற்பட்ட அளவு, உடம்புக்கு மிகவும் இசைந்த அளவாகவும் இருந்திருக்கிறது. இதற்காக இல்லாமையைப் புகழ வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பெண்களின் கைப்பக்குவத்தைப் பற்றி இளக்காரமாகப் பேசுவதையாவது நிறுத்திக்கொள்ளலாம்.

அரசாங்கங்களுக்கு இந்த விவேகம் வர நாளாயிற்று. சென்னையில் 1920-ல் ஆயிரம் விளக்குப் பக்கத்து நகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் காலத்தில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போட ஆரம்பித்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930-ல் தொடங்கியது. பிறகு 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவில் முட்டை வந்தது 1989-ல். அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. பள்ளி நடக்கிற ஐந்து நாளும் முட்டை என்று ஆவதற்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முட்டை தின்னாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். இடையில் வாரத்தில் ஒரு நாள் உருளைக்கிழங்கும் அந்தத் தட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் பட்டினியாக வருகிற பிள்ளைகளுக்காகப் புதுச்சேரி அரசாங்கம் 2002-ல் சூடான பால் கொடுக்க ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிற்று.

இந்தத் தேதிகளை வரிசையாகப் பார்க்கும்போது, சரித்திரத்தில் எது பெரிய சம்பவம் என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. 1761-ல் எந்தக் கொடி இறங்கி எந்தக் கொடி ஏறியது என்பதைப் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோம். காவல் வரிசைகளுக்கு நடுவே எட்டு நாள் புல்வேர் தின்ற 1,400 பேரில் ஒருவருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த ஊரிலேயே இன்று ஒரு குழந்தை காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூட மணி அடிக்குமுன் ஓடுகிறது என்றால், அதற்குப் பின்னால் ஆண்டிஸ் மலைக் குடியானவனும், பிரஷ்யச் சிறையில் கிடந்த மருந்துக்காரரும், சவானா ஆலையில் விழுந்த பன்னிரண்டு பேரும், நாலு மணிக்கு மூட்டை இறக்குகிற கிழவியும் இருக்கிறார்கள்.

ராத்திரியே கிழங்கை வேகவைத்து விடுங்கள்.